வரிசையின் வால்

பகல் பன்னிரண்டு மணிக்குப் பாலத்தைத் திறந்துவிடுவார்கள்.

கயானாவின் டெமராரா நதியின் மேல் மிதவைகளில் படுத்திருக்கும் அந்த நீண்ட பாலத்தின் நடுப்பகுதியை விலக்கிக் கப்பல்களுக்கு வழிவிடும் வேளை அது. விலகிய துண்டு திரும்பவும் வந்து பொருந்த ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை கிழக்குக் கரைக்காரர்கள் கிழக்கிலும், மேற்குக் கரைக்காரர்கள் மேற்கிலும் வெயிலில் காய வேண்டியதுதான்.

கேம்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபது.

அவனுடைய வெள்ளை வாடகைக் கார், பாலத்துக்குப் போகும் இடது தடத்தில் அசையாமல் நின்றது. முன்னால் அறுபது வண்டிகளாவது இருக்கும். பின்னிருக்கையில் அவன் தம்பி தேவ்நரைன் மஞ்சள் அங்கி அணிந்து, முகத்தின் முன் ஜரிகைச் சரங்கள் தொங்கும் மணமகன் கிரீடத்தைக் கூரையில் இடிக்காமல் காப்பாற்றுவதற்காகக் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் தங்கை ருக்மின். மடியில் கிடந்த விசிறியை அவள் எடுக்கவேயில்லை. கோபம் வந்தால் அவளுக்கு வியர்வை தெரியாது.

"எட்டு மணிக்கே மினிபஸ்ஸில எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. மாமா, சித்தப்பா, மேளக்காரங்க, எல்லாரும். போகாதது மாப்பிள்ளை மட்டும்தான்," என்றாள் அவள்.

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"கல்யாணத்தன்னிக்குக் காலைல விமான நிலையத்துக்கு சவாரி போனியே, அதை நினைச்சுக்கிட்டே உட்காரு."

 அந்தச் சவாரிக்குக் கேம்ராஜ் ஒப்புக்கொண்டது பேராசையால் அன்று. வரிசை என்பது பிறருக்காக ஏற்பட்டது என்ற நெடுநாள் நம்பிக்கையால்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தது ஒரு வெள்ளை ரிப்பன்.

கல்யாண வண்டி வந்தால் எந்த வரிசையும் ஒதுங்கி வழிவிடும். அது அந்தச் சாலையின் வழக்கம். யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. போடாத சட்டத்தை மீறியவரும் இல்லை. காரின் மூக்கில் ரிப்பனைக் கண்டால் லாரிக்காரன்கூடப் பின்வாங்கி இரண்டு முறை ஹாரன் அடித்து வாழ்த்துவான். இதைக் கண்டுகொண்ட கேம்ராஜ், ஒரு ரிப்பனைக் காரின் டாஷ்போர்டு முன்னறையில் சுருட்டி வைத்திருந்தான். அவசரமான சவாரி அமைந்தால் சந்துக்குள் நிறுத்திக் கட்டுவான். பாலம் தாண்டியதும் அவிழ்ப்பான். மூன்று ஆண்டுகளாக வாரம் ஒருமுறையாவது அந்தக் கார் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதன் விளைவு நிச்சயதார்த்த விருந்தில் வெளிப்பட்டது. மணப்பெண் கமினியின் தந்தை ஹரிலால், மேற்குக் கரையில், லியோனோராவில் நெல் அரைவை ஆலை வைத்திருப்பவர். கடிகாரத்தையும் வாக்கையும் ஒன்றாக மதிப்பவர். கேம்ராஜின் காரை வாசலில் கண்டதும் அவர் முகம் கறுத்தது.

"இந்தக் காருக்கு நான் ஒருதரம் வழிவிட்டிருக்கேன். பொண்ணு மாப்பிள்ளைன்னு நினைச்சுக் கையைத் தூக்கி ஆசீர்வாதமும் பண்ணேன். கிட்ட வந்ததும் உள்ள பார்த்தா, ரெண்டு கேஸ் சிலிண்டர், ஒரு கோழிக்கூண்டு. நான் ஆசீர்வாதம் பண்ணது கோழியையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

கல்யாணம் அன்றே முறிந்திருக்கும். கமினி அழுததால் பிழைத்தது. ஆனால் ஹரிலால் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். முகூர்த்தம் ஒன்றரை மணியோடு முடிகிறது. ஒரு நிமிடம் பிந்தினாலும் பந்தலைப் பிரித்துவிடுவேன். அந்த ரிப்பன் என் வாசலில் தெரிந்தாலும் பிரித்துவிடுவேன்.

ஆகவே இன்று, உண்மையான கல்யாணத்துக்குப் போகிற முதல் நாளில், அந்தக் கார் ரிப்பன் இல்லாமல் புறப்பட்டிருந்தது.

பதினொன்று இருபத்தெட்டு. வரிசை மூன்று கார் நீளம் நகர்ந்து மறுபடி நின்றது.

"அண்ணே, பாலம் திறந்தப்புறம் துறையில படகு ஓட்டுவாங்களே..." என்று தேவ்நரைன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அம்மாகிட்ட போன் பண்ணிக் கேளு. நான் நம்பர் போட்டுத் தரேன்," என்றாள் ருக்மின்.

 ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், இதே நதியில் படகு கவிழ்ந்து அவர்கள் தந்தை போனார். அவருடைய சிதையருகே அம்மா பார்பத்தி மூன்று பிள்ளைகளின் கையையும் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்: இனி என் பிள்ளைகள் படகில் கால் வைக்கக்கூடாது. இப்போது அவள் வழக்கப்படி வீட்டிலேயே தங்கி, விளக்கேற்றி, மருமகளை வரவேற்கக் காத்திருந்தாள்.

"பாலம்தான் வழி. கவலைப்படாதே," என்றபடி கேம்ராஜ் முன்னறையைத் திறந்தான். விடியற்காலையில் அம்மா கொடுத்த சிறு துணிமுடிச்சை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, அதன் அடியிலிருந்து ரிப்பனை உருவினான்.

"அண்ணே! வேண்டாம்!"

"பாலம் தாண்டினதும் அவிழ்த்துடுவேன். ஹரிலால் கண்ணுல படாது."

"என் நர்சரிப் பிள்ளைங்களுக்கு ஒரு கதை சொல்வேன், கேட்டுக்கோ," என்றாள் ருக்மின். "கோடை காலத்துல காட்டுல ஒரே ஒரு ஊத்து. எல்லா மிருகமும் வரிசைல நிக்குது. முதுகுல குட்டி இருந்தா மட்டும் முன்னால விடுவாங்க. ஒரு குரங்கு தேங்காய் நாரை உருட்டி முதுகுல கட்டிக்கிட்டு தினமும் முதல்ல போய்க் குடிச்சுட்டு வந்துச்சாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அதுக்கு நிஜமாவே குட்டி பொறந்துச்சு."

கேம்ராஜ் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினான்.

அங்கேதான் அவன் பிழை செய்தான். கல்யாண வண்டிக்கு விடியலில், வீட்டு வாசலில், பெண்கள் கூடிப் பாட்டுப் பாடி ரிப்பன் கட்டுவார்கள். கயானாவில் பிறந்த எவருக்கும் அது தெரியும். நடுச்சாலையில், நட்ட நடுப்பகலில், ஒருவன் தானே குனிந்து ரிப்பன் கட்டுவதை அந்த வரிசை முழுவதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது.

"பிரதர்! இந்த மாசத்துல இது எத்தனாவது கல்யாணம்?" என்றது ஒரு குரல்.

"பொண்ணு எங்கே? டிக்கியிலயா?" என்றது இன்னொன்று.

மாபிப் பானம் விற்றுக்கொண்டு வந்தவன் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினான்.

கேம்ராஜ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியை இடது தடத்திலிருந்து உருவி, நகரத்துக்குச் செல்லும் வலது தடத்தில் ஏற்றினான். அந்தத் தடம் சற்று ஓடிக்கொண்டிருந்தது. அறுபது வண்டிகளையும் இரண்டே நிமிடத்தில் கடந்து, பாலத்தின் வாயருகே போய் இடப்பக்க விளக்கைச் சிமிட்டினான். கையை வெளியே நீட்டிப் புன்னகை செய்தான். மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் வேலை செய்த புன்னகை.

வரிசை நெருங்கிக்கொண்டது.

முன்னாலிருந்த நீலக் கார் பின்னால் நகர்ந்தது. பின்னாலிருந்த மணல் லாரி முன்னால் நகர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தோசைக்கல்லை நிறுத்தவும் இடமில்லை. கேம்ராஜ் இன்னும் இரண்டு வண்டி முன்னேறிப் பார்த்தான். அங்கேயும் வழி அடைபட்டது. இதற்குள் அவனுக்குப் பின்னால் நகரத்துக்குப் போகிறவர்கள் தடைபட்டு, ஹாரன் ஒலி வானைப் பிளந்தது.

பதினொன்று முப்பத்தாறு.

பாலத்தின் வாயில் சிவப்புக் கொடியோடு ஒரு காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். வரிசையின் முன்னாலிருந்து ஏழாவதாக நின்ற மீன் லாரியின் கதவு திறந்தது. முழங்கால் வரை ரப்பர் காலணி அணிந்த ஒரு கறுப்பினப் பெண்மணி, தலையில் கட்டிய துணியை இறுக்கிக்கொண்டே இறங்கினாள். மெடோ பேங்க் மீன்துறையில் மிஸ் யூனிஸ் என்றால் தராசும் நேராகும் என்பார்கள்.

அவள் நேரே வந்து கேம்ராஜின் ஜன்னலில் இரு முழங்கைகளையும் ஊன்றினாள்.

"என்னைத் தெரியுதா, மாப்பிள்ளைத் தோழா?"

"தெரியலையே, மிஸ்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பார்த்தது என் லாரியோட முன்பக்கத்தை மட்டும்தான். ரெண்டு வாரத்துக்கு முன்னால, வெள்ளிக்கிழமை. இதே இடம். கொடி இறங்கறதுக்கு முன்னால கடைசி இடம் என்னோடது. ரிப்பனைப் பார்த்து உனக்கு விட்டேன். ரெண்டு தடவை ஹாரன் வேற அடிச்சேன், நல்லா இருக்கணும்னு. அப்புறம் உன் பின்கண்ணாடியில எட்டிப் பார்த்தா, ஒரு ஆள் காலை நீட்டிக் கோழிக்கால் கடிச்சுக்கிட்டுப் போறான். ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். ஐஸ் எல்லாம் தண்ணி. முப்பது கில்பாக்கா மீன் என் கண்ணெதிர்ல கண்ணை மூடிச்சு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மிஸ் யூனிஸ் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நிஜமான கல்யாணம், மிஸ். சத்தியமா. பின்னால பாருங்க," என்றான் கேம்ராஜ்.

அவள் குனிந்து பார்த்தாள். ஜரிகைச் சரங்களின் பின்னால் தேவ்நரைனின் கண்கள் மிரண்டன.

"ஓஹோ! இப்ப மாப்பிள்ளையையும் வாடகைக்கு எடுத்துட்டியா?"

"இல்ல ஆன்ட்டி, நான் நிஜம்தான்," என்றான் தேவ்நரைன். அன்று காலையிலிருந்து அவன் உரக்கச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"கையைக் காட்டு."

அவன் ஜன்னல் வழியே கைகளை நீட்டினான். விரல்நகம் முதல் முழங்கை வரை மூன்று நாள் மஞ்சள் ஊறிப் பொன்னிறமேறியிருந்தது. மிஸ் யூனிஸ் அதை முகர்ந்து பார்த்தாள்.

"மஞ்சள்தான். வறுக்கப் போற மீனுக்கும் இதேதான் தடவறோம்," என்றபோது அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "முகூர்த்தம் எப்ப?"

"ஒன்றரை மணிக்குள்ள," என்றாள் ருக்மின். காரைவிட்டு இறங்கி அவள் எதிரே நின்றாள். "பிந்தினா கல்யாணம் இல்லை. எங்கண்ணன் பண்ணதுக்கு நீங்க வழிவிடாதது நியாயம்தான், மிஸ். நானா இருந்தாலும் விடமாட்டேன். ஆனா லியோனோராவில ஒரு பொண்ணு விரலெல்லாம் மருதாணியோட காத்துக்கிட்டிருக்கா. அவ யாரையும் முந்தலை."

மணல் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். நீலக் காரின் ஜன்னல் இறங்கியது.

மிஸ் யூனிஸ் வரிசையை ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்தாள். சந்தையில் மீனுக்கு விலை சொல்வதற்கு முன் பார்ப்பதைப் போல.

"கேட்டுக்கோங்க எல்லாரும். ஒரு வண்டி முன்னால வந்தா அது வரிசை தாண்டறது. ஒரு மனுஷன் நடந்து வந்தா அது நடக்கறது. என் லாரியில முன்னால ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. என் முறை வர்றப்ப நான் போறேன், யாரோட இடத்தையும் எடுக்கலை. மாப்பிள்ளையும் தங்கச்சியும் ஏறட்டும். ஆட்சேபம் இருக்கிறவங்க ஹாரன் அடிங்க!"

அந்த ஞாயிற்றுக்கிழமையில் முதல் முறையாகச் சாலை அமைதியாக இருந்தது.

"அப்ப நான்?" என்றான் கேம்ராஜ்.

"நீ வரிசையோட வாலுக்குப் போ. எங்கேயிருந்து கிளம்பினியோ அங்கே இல்லை, கடைசிக்கு."

கேம்ராஜ் காரிலிருந்து இறங்கினான். பெண் வீட்டு வாசலில் இரு தந்தையரும் மார்போடு மார்பு தழுவிக்கொண்ட பிறகே மணமகன் உள்ளே நுழையலாம். தந்தை இல்லாத வீட்டில் அந்த இடம் மூத்தவனுடையது. ஒன்பது ஆண்டுகளாக அந்த ஒரு தழுவலுக்காகவே தம்பியைப் படிக்க வைத்தவன் அவன்.

"மிஸ், அப்பா இடத்துல நான் நிக்கணும். எனக்காக இல்லை..."

"என் மீனும் உனக்காகச் சாகலை, மகனே."

பதினொன்று நாற்பத்தைந்து. காவலாளி கொடியை உதறி விரித்தான். கப்பலின் சங்கு தெற்கேயிருந்து ஒலித்தது.

தேவ்நரைன் இறங்கினான். கிரீடத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். "நீ இல்லாம எப்படிண்ணே?"

கேம்ராஜ் தம்பியின் தோளைப் பிடித்து மீன் லாரியின் பக்கம் திருப்பினான். "ஓடுடா! கடிகாரத்தைப் பார்க்காதே, ஓடு!"

மஞ்சள் அங்கி காற்றில் படபடக்க, ஜரிகைச் சரங்கள் இருபுறமும் பறக்க, மாப்பிள்ளை ஓடினான். புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு ருக்மின் பின்னால் ஓடினாள். கடந்துபோன வண்டிகள் ஒவ்வொன்றும் இரண்டு முறை ஹாரன் அடித்தன. மணல் லாரிக்காரன் மூன்று முறை அடித்தான். மாபி விற்பவன் தன் வாளியில் தாளம் போட்டான்.

மிஸ் யூனிஸ் மட்டும் ஒரு கணம் நின்றாள். "அந்த ரிப்பனை இப்படிக் குடு."

"வேண்டாம் மிஸ், பொண்ணோட அப்பா அதைப் பார்த்தா..."

"அலங்காரத்துக்கு இல்லை." அவள் அதைக் கேம்ராஜின் காரிலிருந்து அவிழ்த்துச் சுருட்டினாள். "என் லாரியோட பின்கதவுத் தாழ்ப்பாள் உடைஞ்சு ஒரு மாசம் ஆச்சு. உள்பக்கமா இறுக்கிக் கட்ட ஒரு கயிறு தேடிக்கிட்டிருந்தேன்."

லாரி உறுமியது. முன்னால் நின்ற ஆறு வண்டிகளும் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏறின. ஏழாவது மீன் லாரி. அதற்குப் பின் நீலக் கார். அதன் பின் கொடி இறங்கியது, சங்கிலி இழுக்கப்பட்டது. பதினொன்று ஐம்பத்திரண்டு.

கேம்ராஜ் காரைத் திருப்பினான். வரிசையின் பக்கமாகவே, எதிர்த்திசையில், ஒவ்வொரு முகத்தையும் கடந்து போனான். யாரும் கேலி செய்யவில்லை என்பது அவனுக்குக் கேலியைவிடக் கடினமாக இருந்தது. நூற்றிருபது வண்டிகளுக்குப் பின்னால், ஒரு தர்ப்பூசணி வண்டிக்கு அடுத்தபடியாக நிறுத்தி எஞ்சினை அணைத்தான். தன் வாழ்நாளில் வரிசையின் வால் எப்படியிருக்கும் என்று அவன் பார்த்ததேயில்லை. அங்கே நிழல்கூட இருந்தது.

கைபேசி ஒலித்தது. ருக்மின்.

"அண்ணே, தாண்டிட்டோம்! மிஸ் யூனிஸ் பறக்கறாங்க! இவன் மேல எல்லாம் மீன் வாடை. தெருவில பூனை துரத்துது, உண்மையாத்தான் சொல்றேன்!" அவள் சிரித்தாள், அழுதுகொண்டும் இருந்தாள். "பன்னிரண்டரைக்குள்ள போயிடுவோம். தழுவறதுக்கு மாமா நிப்பார், நான் சொல்லிக்கறேன். அண்ணே... அந்தச் செந்தூரச் சிமிழ் எங்கே இருக்கு?"

கேம்ராஜின் பார்வை முன்னறைக்குப் போனது.

"மாமாவுக்குப் போன் பண்ணேன், அவர்கிட்ட இல்லைன்னு சொல்றாரே. உன் கைல தானே அம்மா குடுத்தாங்க? அப்பா அம்மா வகிட்டுல செந்தூரம் வச்சது அந்தச் சிமிழ்லேர்ந்துதான். அது இல்லாம பொண்ணுக்கு வகிட்டுல வைக்க முடியாதுன்னு அம்மா... அண்ணே? அண்ணே, இருக்கியா?"

அவன் முன்னறையைத் திறந்தான். ரிப்பன் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது துணிமுடிச்சு. அவிழ்த்தான். உள்ளே கட்டைவிரல் அளவு பித்தளைச் சிமிழ்.

"இருக்கேன்," என்றான். "கொண்டு வரேன்."

"எப்படி? பாலம் ஒன்றரைக்குத்தானே சேரும்?"

அவன் அழைப்பைத் துண்டித்தான். தர்ப்பூசணி வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்து, "பெரியவரே, வரிசை நகர்ந்தா என் காரையும் ஒரு தள்ளு தள்ளிவிடுங்க," என்று சொல்லிவிட்டு, ஆற்றங்கரைப் புதர்களுக்கிடையே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஓடினான்.

பாலம் திறந்திருக்கும் வேளையில் மட்டும் ஓடும் ஒற்றைப் படகு மரத்துறையில் அசைந்துகொண்டிருந்தது. பழுப்பு நீர் பலகைகளை நக்கியது. ஒன்பது ஆண்டுகளாக அவன் இவ்வளவு அருகில் வந்து அந்த நீரைப் பார்த்ததில்லை. சிமிழைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான்.

"கப்பல் நெருங்கறதுக்குள்ள ஒரே நடைதான்! எட்டுப் பேர்! எட்டுக்கு மேல ஒரு கொசுவைக்கூட ஏத்தமாட்டேன்! அடுத்தது கப்பல் போனப்புறம்!" என்று படகுக்காரன் கூவினான்.

துறையில் ஒரு வரிசை நின்றது. கேம்ராஜின் கால்கள் பழக்கத்தால் முன்னால் ஓடின. படகுக்காரனின் பக்கம் வரை ஓடின. அங்கே நின்றன. பிறகு திரும்பி நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றன.

அவன் தலைகளை எண்ணினான். ஒன்று, இரண்டு... எட்டு. அவன் ஒன்பதாவது.

சட்டைப் பையில் கைபேசி துடித்தது. திரையில், அம்மா.

"ஒண்ணு! ரெண்டு! மூணு! பார்த்து ஏறுங்க!" என்று படகுக்காரன் எண்ணத் தொடங்கினான்.

அவனுக்கு முன்னால், எட்டாவதாக, கடைசி இடத்தில் குடை பிடித்து நின்ற நடுவயதுப் பெண்மணி திரும்பினாள். துடிக்கும் கைபேசியையும், அவனுடைய பட்டு அங்கவஸ்திரத்தையும், மூடிய முஷ்டியையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இப்படி நடுங்கறே? கைக்குள்ள என்ன?"

"சொன்னா நம்பமாட்டீங்க, ஆன்ட்டி," என்றான் கேம்ராஜ்.

"ஆறு!" என்றான் படகுக்காரன். "ஏழு!"

அவள் குடையை மடக்கினாள்.

"சொல்லித்தான் பாரேன்," என்றாள்.